ஈயம் இல்லாத தோட்டா: கிளே சுடப் பழகுபவர் எதை வாங்குவது?

கிளே என்றால் களிமண். ஆனால் வானில் எறிந்து ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும், ‘கிளே’ என்றே பெயர் கொண்ட தட்டில் களிமண் துளியும் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியைத் தார் போன்ற பிசினோடு சேர்த்து வார்த்தது அது. குறுக்களவு 11 செ.மீ., உயரம் இரண்டரை செ.மீ., எடை ஏறக்குறைய 105 கிராம். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ‘ட்ராப்’ இதே விளையாட்டின் ஒரு வகை. பிரிட்டனில் இது வார இறுதிப் பொழுதுபோக்கு. அங்கே பழகத் தொடங்குபவரின் முன் இப்போது நிற்கும் முதல் கேள்வி: ஈயம் போகப்போகிறது, அதன் இடத்தில் எதை வாங்குவது?

ஈயம் ஏன் போகிறது என்பதைக் கணக்குப் போட்டாலே விளங்கிவிடும். ஒரு தோட்டாவில் 28 கிராம் ரவை, அதாவது பொடி உலோக உருண்டைகள். 200 பேர் ஆளுக்கு நூறு தட்டு சுடும் போட்டி ஒன்று நடந்தால் 20,000 தோட்டா. மண்ணில் விழும் ஈயம் 560 கிலோ. பறவைகள் இரையை அரைக்கப் பொடிக்கல்லைத் தேடி விழுங்குகிற வழக்கத்தில் இந்த ரவைகளையும் பொறுக்கித் தின்று நஞ்சேறிச் சாகின்றன. டென்மார்க் 1996-லேயே ஈய ரவைக்குத் தடை போட்டது. இங்கிலாந்தில் 1999 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு அது கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடை. 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு, ஒரு சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள ரவையை மூன்றாண்டு அவகாசத்துக்குப் பின் நிறுத்துவதாக அறிவித்தது. உயர்மட்டப் போட்டியாளர்களுக்கு விலக்கு உண்டு. புதிதாகப் பழகுபவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஈயத்துக்குப் பதில் எது?

பட்டியல் பார்க்க நீளமாக இருக்கும். கிளேக்கு வரும்போது ஒன்றுதான் மிஞ்சும். டங்ஸ்டன் கலவை ஈயத்தைவிடவும் கனமாகக் கிடைக்கும், சுடுவதற்கு அருமையானது. ஆனால் ஒரு பெட்டி விலையைப் பார்த்தால் தட்டைச் சுட மனம் வராது. பிஸ்மத் ஒரு கன செ.மீ.க்கு சுமார் 9.6 கிராம், ஈயம் 11-க்குச் சற்று மேல். எனவே ஈயத்துக்கு ஓரளவு கிட்டே நிற்கிறது. மென்மையானது, பழைய துப்பாக்கிக்கும் ஒத்துவரும். விலை மட்டும் ஸ்டீலைவிடப் பல மடங்கு. தாத்தா காலத்துத் துப்பாக்கியை வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுப்பவருக்கு அது சரி. வாரம் நூறு தோட்டா செலவழிப்பவருக்குக் கட்டாது.

ஆகவே ஸ்டீல். பெயர்தான் ஸ்டீல், உண்மையில் அது கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. ஒரு கன செ.மீ. 7.86 கிராம்தான், ஆனால் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். இந்த இரண்டு குணங்களை, அதாவது இலேசு, கடினம் என்பவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கீழே சொல்லப்போகிற எல்லாம் இவற்றிலிருந்து கிளைத்தவைதான். எந்த ரவை அளவு என்பது அதன் இலேசிலிருந்து வருகிறது. எந்தத் துப்பாக்கி, எந்த சோக் (குழல்வாயின் நெருக்கம்), எந்த அடைப்பு என்பவை அதன் கடினத்திலிருந்து வருகின்றன.

கிராமைப் பார்க்காதீர்கள், ரவையைப் பாருங்கள்

புதியவர் பெட்டியில் முதலில் தேடுவது 24 கிராமா 28 கிராமா என்பதை. அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி ஒவ்வொரு ரவையும் எவ்வளவு பெரியது என்பது.

பிரிட்டனில் கிளேக்கு ஈயத்தில் வழக்கமாக விற்பது ஏழரை எண் ரவை (எண் கூடக் கூட ரவை சிறிதாகும்), விட்டம் 2.3 மி.மீ. ஒரு ரவை 70 மில்லிகிராம் சொச்சம். 28 கிராமில் ஏறக்குறைய 400 ரவை இருக்கும். அதே 2.3 மி.மீ. ரவையை ஸ்டீலில் செய்தால் 50 மில்லிகிராம்தான் வரும். எடை குறைந்தது காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். தட்டில் பட்டாலும் அடி மெலிந்திருக்கும். தூசி பறந்தும் தட்டு உடையாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பரிகாரம் எளிது: ஸ்டீலில் ரவையைப் பெரிதாக்குவது. 2.6 மி.மீ., அதாவது பிரிட்டன் எண் 6, ஸ்டீலில் 72 மில்லிகிராம். பழைய ஏழரை ஈயத்தின் எடைக்கு நேர் சமம். 28 கிராமில் ஏறக்குறைய 390 ரவை வரும், எண்ணிக்கையிலும் பெரிய இழப்பில்லை. இடைப்பட்டது எண் 7, 2.4 மி.மீ. அது 57 மில்லிகிராம். இதில் 24 கிராம் தோட்டாவிலேயே 420 ரவை இருக்கும். 28 கிராம் ஈயத் தோட்டாவைவிட அதிகம்! ஸ்டீலுக்கு மாறியவர் 24 கிராமை ‘சின்னத் தோட்டா’ என்று ஒதுக்குவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான். தோளில் உதையும் குறையும். நாள் முழுக்கச் சுடும்போது அதன் அருமை தெரியும்.

அப்படியானால் எல்லோரும் எண் 6 வாங்கினால் என்ன? எடை சமமானாலும் உருவம் பெரிது. காற்று அதிகம் தடுக்கும். 2.6 மி.மீ. ஸ்டீல் வேகத்தைக் காத்துக்கொள்ளும் திறனில் ஈயத்தின் ஒன்பதாம் எண் பொடி ரவைக்கும் சற்றுக் கீழேதான் நிற்கிறது. இதை ஈடுகட்டவே ஸ்டீல் தோட்டாவை ஆரம்ப வேகம் கூட்டிச் செய்கிறார்கள். 30 மீட்டர் வரை ஈயத்துக்கும் இதற்கும், குறிவைக்கையில் பறக்கும் தட்டுக்கு முன்னால் விடவேண்டிய இடைவெளியில் கைக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. அதற்கு அப்பால்தான் ஸ்டீல் சோர்ந்துபோகும்.

பயன்பாட்டில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்கீட் என்ற வகையில் தட்டு பெரும்பாலும் 20 மீட்டர் பக்கத்திலேயே பறக்கும், அங்கே 24 கிராம், எண் 8 (2.2 மி.மீ.) தாராளம். தட்டுகள் பல திசையில், பல தூரத்தில் வரும் ஸ்போர்ட்டிங்குக்கு எண் 7. 24 அல்லது 28 கிராம். தட்டு துப்பாக்கியை விட்டு விலகிப் போகும் ட்ராப்பிலும், 40 மீட்டர்த் தட்டுகள் வரும் இடங்களிலும் 28 கிராம் எண் 6. ஒரே ஒரு வகைதான் வாங்குவேன் என்பவருக்கு எண் 7-ஐத்தான் சொல்வோம்.

இதைவிடப் பெரிய ரவை கிளேக்கு வேண்டாம், விதியும் அனுமதிக்காது. சர்வதேசப் போட்டி விதிப்படி ரவை 2.6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, எடை 24 கிராமுக்குள். பிரிட்டனின் உள்நாட்டு வகைகளில் 28 கிராம் வரை போகலாம்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அமெரிக்க ஏழரை என்பது 2.4 மி.மீ.; பிரிட்டனில் அதன் பெயர் ஏழு. அமெரிக்க எட்டு பிரிட்டனில் ஏழரை. அமெரிக்க ஆறு 2.8 மி.மீ., பிரிட்டனின் ஐந்து, போட்டிக்கு ஆகாது. இணையத்தில் ஒரு அமெரிக்கர் ‘ஸ்டீல் செவன்’ என்று பரிந்துரைத்தால் அவர் சொல்வது வேறு ரவை. மி.மீ. அளவைப் பார்த்து வாங்கினால் குழப்பம் இல்லை.

உங்கள் துப்பாக்கி தாங்குமா?

ஈயம் மெத்தை மாதிரி. நெருக்கினால் நசுங்கி இடம் கொடுக்கும். ஸ்டீல் கொடுக்காது. அதனால் இரண்டு ஆபத்து: குழலின் உட்சுவரை உரசுவது, குழல்வாய் குறுகும் இடத்தில் வெளிநோக்கித் தள்ளுவது.

ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட சி.ஐ.பி. தரம் ஸ்டீல் தோட்டாவை இரண்டாகப் பிரிக்கிறது. ‘ஸ்டாண்டர்டு’ ஸ்டீல்: 12 போர் என்ற குழல் அளவில் அழுத்தம் 740 பார் (அழுத்த அலகு) வரை, ரவை 3.25 மி.மீ. வரை. ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஸ்டீல்: அழுத்தம் 1050 பார் வரை போகும். இதற்குத் துப்பாக்கி 1320 பாரில் சோதிக்கப்பட்டு, குழலில் அல்லிப்பூ முத்திரை பெற்றிருக்கவேண்டும். கிளேக்கு விற்கும் தோட்டாக்கள் பொதுவாக ஸ்டாண்டர்டு வகை. அதற்கு அல்லிப்பூ தேவையில்லை. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் சாதாரண நைட்ரோ ப்ரூஃப் முத்திரையும், தோட்டாவின் நீளத்துக்குக் குறையாத சேம்பரும் (குழலில் தோட்டா உட்காரும் அறை) இருந்தால் போதும். அல்லிப்பூ இல்லை என்று நல்ல துப்பாக்கியை விற்றுவிட்டு வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

சேம்பர் நீளத்தில் கவனம் வேண்டும். தோட்டாமேல் எழுதியிருக்கும் 70 மி.மீ. என்பது சுட்டபின் முனை மடிப்பு விரிந்த நீளம். சுடுவதற்கு முன் அது குட்டையாக இருப்பதால் 65 மி.மீ. சேம்பர் உள்ள பழைய ஆங்கிலத் துப்பாக்கியிலும் சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். போகிறது என்பதால் சுடலாம் என்று அர்த்தமில்லை. விரிய இடம் இல்லாமல் மடிப்பு முன்னால் இருக்கும் குறுகலுக்குள் நுழையும், அழுத்தம் எகிறும். சேம்பர் நீளம் குழலின் அடியில் முத்திரைகளோடு பொறித்திருக்கும். படிக்கத் தெரியவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒரு முறை காட்டுங்கள். லண்டன், பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ்கள் சோதித்து முத்திரை இடுவதற்கென்றே இருக்கின்றன.

டமாஸ்கஸ் குழல் (இரும்புப் பட்டைகளை முறுக்கி இணைத்த பழங்காலக் குழல்), சுவர் மெலிந்த பழைய பக்கவாட்டு இரட்டைக்குழல், உள்ளே குழிவிழுந்த குழல் ஆகியவற்றில் ஸ்டீல் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு பிஸ்மத் உண்டு.

சோக்: ஒரு படி தளர்த்துங்கள்

குழல்வாயை எவ்வளவு குறுக்கியிருக்கிறது என்பதுதான் சோக். தமிழ்ப் பின்னங்களில் சொன்னாலே போதும்: கால் சோக் என்றால் கால் மி.மீ. நெருக்கம், அரை என்றால் அரை மி.மீ., முக்கால், முழு என்று போகும். நெருக்கமே இல்லாதது சிலிண்டர்.

ஈய ரவை வெடிப்பின் அழுத்தத்திலேயே ஓரங்களில் நசுங்கிக் கோணலாகும், கோணல் ரவை விலகிப் பறக்கும், பரவல் விரியும். ஸ்டீல் உருண்டையாகவே வெளிவருவதால் கூட்டம் கலையாமல் போகும். எனவே ஈயத்துக்கு அரை சோக் போட்டவர் ஸ்டீலுக்குக் கால் சோக் போட்டால் ஏறக்குறைய அதே பரவல் கிடைக்கும். ஸ்கீட்டுக்கு சிலிண்டர், ஸ்போர்ட்டிங்குக்குக் கால், ட்ராப்புக்கு அரை. அரைக்கு மேல் போகாதீர்கள். கிளே அளவு ரவையில் நவீனக் குழல் உடனே வீங்கிவிடாதுதான். ஆனாலும் இலாபம் எதுவும் இல்லாமல் சோக்குக்கு வேலை கொடுப்பானேன்? மிக நெருக்கமான சோக்கில் ஸ்டீல் பரவல் சில சமயம் திட்டுத்திட்டாகவும் விழும்.

கழற்றிமாட்டும் சோக்காக இருந்தால் அதில் ஸ்டீல் கூடாது என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு 25 தோட்டாவுக்கும் ஒருமுறை, துப்பாக்கியைத் திறந்து காலி என்று உறுதிசெய்தபின், சாவியால் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த சோக்கின் பின்விளிம்பில் ரவை மோதினால் சோக்கும் போகும், குழல்வாயும் போகும். மாற்றமுடியாத முழு சோக் உள்ள துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கால் அல்லது அரைக்குக் கடைந்துகொள்ளலாம். கடைந்ததைத் திரும்பச் சேர்க்கமுடியாது. ஆகவே கொஞ்சமாகக் கடையச் சொல்லுங்கள்.

வீக்கம் வந்திருக்கிறதா என்று தெரிய, குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும் நிழல்கள் ஒழுங்காக இருக்கவேண்டும். சோக் தொடங்கும் இடத்தில் ஒரு கரிய வளையம் தனியாகத் தெரிந்தால் சுடுவதை நிறுத்திக் காட்டுங்கள்.

அடைப்பு: மைதானக்காரர் கேட்கும் கேள்வி

தோட்டாவில் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே ஒரு அடைப்பு இருக்கும். கடைக்காரர்கள் வாட் என்பார்கள். ஈயத் தோட்டாவில் அது நார் அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, ரவை குழலை உரசினாலும் ஈயம்தானே. ஸ்டீல் ரவை முழுவதும் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து குழலைக் கடக்கவேண்டும். அந்தக் கிண்ணம் நெடுங்காலம் பிளாஸ்டிக்காகவே இருந்தது. சுட்ட பிளாஸ்டிக் புல்வெளியில் சிதறும், மாடும் ஆடும் மெல்லும். அதனால் பல மைதானங்களில் பிளாஸ்டிக் வாட் தடை. ஒரு பக்கம் ஈயம் கூடாது, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கூடாது. கிளே சுடுபவர்களின் சிக்கல் உண்மையில் இங்கேதான் இருந்தது.

இப்போது இரண்டு வகை மாற்று கிடைக்கிறது. தண்ணீரில் கரையும் வாட் ஒன்று. பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், மழையில் கரைந்துபோகும். மற்றது கெட்டியான காகிதம் அல்லது தாவர நாரில் செய்த கிண்ணம். முதல் வகையில் பரவல் நன்றாக வரும். ஆனால் ஈரத்தைச் சேர்க்கக்கூடாது. மழைநாளில் தோட்டாக்களைத் திறந்த பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பெட்டியின் மேல் ‘பயோ’, ‘ஈகோ’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கவும் வேண்டாம்: சில மட்கச் சில ஆண்டு எடுக்கும் பிளாஸ்டிக்தான். மைதானம் எதை ஏற்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போவதே முறை.

கேட்கும்போது ஸ்டீலுக்கே அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். மரங்களுக்கு நடுவே இருக்கும் சில மைதானங்கள் மறுக்கும். மரத்தில் புதைந்த இரும்பு பின்னாளில் ரம்பத்தை உடைக்கும். கடினமான ரவை கல்லிலும் மரத்திலும் பட்டுத் தெறிக்கும். அடிபடாத கண்ணாடி ஈயத்துக்கும் வேண்டும், ஸ்டீலுக்குக் கட்டாயம். பார்வையாளரும் போட்டிருக்கவேண்டும்.

காகிதத்தில் ஒருமுறை

கேள்விப்பட்டதை நம்புவதைவிட ஒரு மணி நேரம் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது மேல். மைதானத்தில் அனுமதி கேட்டு, மண்மேட்டுக்கு முன்னால் ஒரு மீட்டர்ச் சதுரக் காகிதத்தை நிறுத்துங்கள். ஈயத்துக்கென்று வைத்திருக்கும் இரும்புப் பலகையில் ஸ்டீலைச் சுடாதீர்கள், ரவை உங்களிடமே திரும்பி வரும். நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கும் தூரம் ஒன்று, 36 மீட்டர் ஒன்று என இரண்டு தூரம். ஒவ்வொன்றிலும் ஐந்து காகிதம். ஒன்றை வைத்து எதையும் முடிவுசெய்யமுடியாது.

ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தை மையமாக வைத்து 76 செ.மீ. வட்டம் போட்டு எண்ணுங்கள். ஈயத்தில், 36 மீட்டரில், மொத்த ரவையில் சிலிண்டருக்கு 40 சதவீதமும் காலுக்கு 55-உம் அரைக்கு 60-உம் முழுவதற்கு 70-உம் வட்டத்துக்குள் விழும் என்பது பழைய அளவுகோல். உங்கள் கால் சோக்கில் ஸ்டீல் 60 காட்டினால் ஆச்சரியப்படவேண்டாம்.

அந்த எண் எதற்குப் பயன்படுகிறது? எண் 7 ஸ்டீல், 24 கிராம், 420 ரவையில் 60 சதவீதம் என்றால் 250 வட்டத்துக்குள். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 4,540 சதுர செ.மீ. தட்டு தன் முழு முகத்தைக் காட்டினால் 95 சதுர செ.மீ.; சராசரியாக ஐந்து ரவை படும். அதே தட்டு விளிம்பை மட்டும் காட்டிப் போனால் 22 சதுர செ.மீ.தான், சராசரியாக ஒரு ரவைதான் படும். தூரத்தில் விளிம்பு காட்டும் தட்டு தப்பிப்பதற்குத் தோட்டாவைத் திட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கவேண்டும். அங்கே கொஞ்சம் நெருக்கமான சோக் உதவும். ரவை அளவை மாற்றுவது அவ்வளவாக உதவாது.

வட்டத்தைவிட ஓட்டைகளைப் பார்ப்பது இன்னும் நல்லது. 11 செ.மீ. வட்ட அட்டை ஒன்றை வெட்டிக் காகிதத்தின் மேல் நகர்த்துங்கள். மையப்பகுதியில் அட்டைக்கு அடியில் இரண்டுக்குக் குறைவான ரவை வரும் இடங்கள் திரும்பத் திரும்பக் கிடைத்தால் அந்தத் தோட்டாவும் அந்தச் சோக்கும் ஒத்துப்போகவில்லை. சோக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு தோட்டாவை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

வீட்டில் வைத்திருக்கும்போது

ஈயம் துருப்பிடிக்காது, இரும்பு பிடிக்கும். நனைந்த ஸ்டீல் தோட்டாவில் ரவைகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி சோக்கைக் கடக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. உலர்ந்த இடத்தில் வையுங்கள், குளிர்காலத்தில் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். நனைந்து காய்ந்த தோட்டாவை, குலுக்கினால் ரவை அசைகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சுடவேண்டாம்.

பையில் ஈயமும் ஸ்டீலும் கலந்துவிட்டால் காந்தம் பிரித்துக்கொடுக்கும். அடியிலிருக்கும் பித்தளை நிற வளையத்தில் வைக்காதீர்கள், அதுவே பல தோட்டாக்களில் இரும்புதான். நடுவில், ரவை இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பிஸ்மத் ஒட்டாது.

வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள், ஈயத்துக்கான மருந்தளவில் ரவையை மட்டும் ஸ்டீலாக மாற்றக்கூடாது. நசுங்காத ரவை அழுத்தத்தை ஏற்றிவிடும்; அதே எடைக்கு 40 சதவீதம் கூடுதல் இடமும் கேட்கும். ஸ்டீலுக்கென்று வெளியிடப்பட்ட அளவுகளை அப்படியே பின்பற்றவேண்டும், அல்லது கடைத் தோட்டாவே போதும்.

சுடும்போது வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்றால் அடுத்ததைச் சுடாதீர்கள். வாய் தரையைப் பார்க்கத் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டுக் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரம் ஏறிய மருந்து வாட்டைப் பாதிவழியில் விட்டிருக்கலாம். அடைபட்ட குழலில் இரண்டாவது வெடி குழலைப் பிளந்துவிடும்.

பிரிட்டனில் தோட்டா 25 கொண்ட பெட்டியாகவும், 250 கொண்ட கட்டாகவும், ஆயிரமாகவும் விற்கும். ஆயிரம் வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனாலும் முதலில் எண் 7-இல் இரண்டு பெட்டி, எண் 6-இல் ஒரு பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு வகையிலும் காகிதத்தில் பத்து, மிச்சத்தைத் தட்டுகளில். எந்த சோக்கில் எந்தப் பெட்டி எத்தனை சதவீதம் காட்டியது என்பதை அட்டைமேலேயே எழுதிவையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும்.